பதிப்பு மாறும் பூதங்கள்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் பூதங்களைத் தொகுத்த 'மான்ஸ்டர் மேனுவல்' 1977-இல் வெளிவந்தது. அதில் சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ் மைனஸ் ஒன்று. அன்று எண் குறையக் குறையக் கவசத்துக்கு வலு அதிகம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. பழைய எண்ணை 20-இலிருந்து கழித்தால் புதிய எண் 21 வரும். 2014-இன் ஐந்தாம் பதிப்பு மூத்த சிவப்பு டிராகனுக்குத் தந்ததோ 22. இதுவரை வெறும் கழித்தல் கணக்குதான்.

சிக்கல் மற்ற எண்களில். பழைய நூலில் மிக மூத்த சிவப்பு டிராகனுக்கு உச்சமே 88 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் 546. அது கக்கும் நெருப்போ அன்று 88, இன்று சராசரியாக 91. டிராகனின் உயிர் ஆறு மடங்கு பெருத்தும் நெருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. வீரர்களின் உயிர்ப்புள்ளிகளும் இதற்குள் ஏறிவிட்டதால், ஒரே மூச்சில் முடிந்த சண்டை இன்று பல சுற்று இழுக்கிறது.

ரத்தக்காட்டேரியின் கதை இன்னும் துலக்கமானது. 1977-இல் அது தொட்டால் வீரனின் இரண்டு லெவல் போயிற்று. தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது. மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரு நொடியில் போகும். மூன்றாம் பதிப்பு ஒரு நாள் கழித்து மீள வாய்ப்பளித்தது. ஐந்தாவதில் நீண்ட ஓய்வெடுத்தால் எல்லாம் சரி. நியாயம் கூடியது உண்மைதான். ஆனால் காட்டேரியைக் கண்டதும் வீரர்கள் ஓட்டமெடுத்த காலம் போயிற்று.

டோல்கீன் கதைகளின் பால்ராக் பூதம் இந்த ஆட்டத்தில் 'பேலர்' ஆனதெல்லாம் அவர் தரப்பின் உரிமைச் சிக்கலால் நேர்ந்த பெயர் மாற்றம். ஆட்ட நுணுக்கம் அதில் இல்லை.

ராட்சசன் வேறு வகை. இராவணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஆட்டத்து ராட்சசனின் புலித்தலை உருவம் அந்நியமாகத்தான் படும். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அவனைப் பிடித்தது 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து. மதகுரு ஆசி வழங்கிய குறுக்குவில் அம்பு பட்டால் அவன் செத்தான். 2014-இல் அந்த ஆசி காணாமற்போய், நல்லவர் கையிலுள்ள மாய ஆயுதம் குத்தினால் இரட்டைச் சேதம் என்றாயிற்று. 2025-இன் நூல் ஆசி வழங்கும் 'பிளெஸ்' மந்திரத்தையே திரும்பக் கொண்டுவந்தது. குழுவிலுள்ள மதகுருவுக்கு மறுபடி வேலை வந்தது. தழுவல் என்றால் இதுதான்.

இதற்கு நேர்மாறு, ஹாங்காங்கின் மலிவு பிளாஸ்டிக் பொம்மையிலிருந்து பிறந்த துருப்பூதம். இரும்பைத் தொட்டாலே துருவாக்கும் அதைக் கண்டு மாவீரனும் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடுவான். நான்காம் பதிப்பிலோ, பூதத்தைக் கொன்று வயிற்றைக் கிழித்தால், அது தின்ற மாயப்பொருளின் மதிப்பு அப்படியே மாயத்தூளாகக் கிடைக்கும். நட்டமே இல்லாத துருப்பூதத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஐம்பது ஆண்டுத் தழுவல்களில் ஆக மோசமானது இதுவே என்பேன்.