உலையும் ஊழியமும்: கிறிஸ்தவ இல்லம் பற்றிய நம் போதனை – ஒரு திறனாய்வு

தேவாரம் என்றவுடன் இறையியல் மாணவருக்குச் சைவத் திருமுறைகளே நினைவுக்கு வரும். நாம் இங்குக் குறிப்பிடுவது, போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைகளின் அடிவாரத்தில் உள்ள ஊரை. அவ்வட்டாரத்தில் சில ஆண்டுகள் ஆயர் பணி செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. கிறிஸ்தவ இல்லத்தைப் பற்றி நாம் கற்றதையும் போதித்ததையும் அவ்வூர்தான் கேள்விக்குள்ளாக்கியது.

ஒரு ஞாயிறன்று கிறிஸ்தவக் குடும்பம் பற்றி அருளுரை ஆற்றினோம். மாலையில் அனைவரும் ஒன்றுகூட வேண்டும். தகப்பன் திருமறையை வாசிக்க வேண்டும். தாய் பிள்ளைகளை ஜெபத்தில் பழக்க வேண்டும் என்று மூன்று குறிப்புகள். மாலை ஆறரை மணிக்கு நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குத் தாய்மார் பிந்தி வருவதையும், சிலர் வராமலே இருப்பதையும் கடிந்துகொண்டோம். ஆராதனை முடிந்தபின் ஒரு தாய் நம்மிடம் வந்து, “ஐயா, நாலு மணிக்கு எந்திரிச்சு உலை வைக்கிறேன். அது கொதிக்கிற நேரந்தான் எனக்கு ஜெப நேரம். அது கணக்குல சேராதாய்யா?” என்று கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை.

அவர் ஏலத் தோட்டத் தொழிலாளி. தேவாரத்திலும் சுற்றுச் சிற்றூர்களிலும் உள்ள பெண்கள் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, மெட்டுச் சாலைகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். சாக்குலூத்துமெட்டு வழியாக மலைமேல் சாலை அமைய வேண்டும் என்பது இவ்வூராரின் நெடுநாள் கோரிக்கை. ஏலக்காய் செடியின் தூரை ஒட்டித் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. ஆகவே குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒருங்கே முற்றாததால், சில வார இடைவெளியில் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். இருட்டியபின் வீடு சேர்பவர், மறுபடியும் அடுப்பு மூட்டுகிறார். இத்தகைய இல்லத்துக்கு நம் போதனை என்ன சொல்லியிருக்கிறது?

நம் மரபில் மூன்று உருவகங்களைக் காண்கிறோம். முதலாவது, பயணி. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, மனைவியும் மக்களும் கூப்பிடக் கூப்பிட, காதுகளைப் பொத்திக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறான் கிறிஸ்தியான். அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்து, தமிழ்க் கிறிஸ்தவரின் பக்தியுணர்வை வளர்த்தது. அதன் இலக்கியச் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இல்லம் என்பது விட்டுப் புறப்பட வேண்டிய இடம் என்னும் எண்ணம் இவ்வுருவகத்தில் உறைந்துள்ளது. பனியனே இக்குறையை உணர்ந்தவர்போல, 1684இல் மனைவியையும் மக்களையும் பயணிகளாக்கி இரண்டாம் பாகத்தை எழுதினார். நம் அருளுரைகளில் ஆளப்படுவதோ பெரும்பாலும் முதற்பாகமே.

இரண்டாவது, வீட்டுத் தலைவர். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்னும் நோக்குடையது. குருவானவரின் கையிலிருந்த போதனையை வீட்டுக்குள் கொண்டுவந்தது பெரிய புரட்சியே. நம் நாட்டில் அருட்பணியாளர் காட்டிய குடும்ப ஜெப ஒழுங்கும் இதன் வழிவந்ததே. ஆனால் அதற்கு மூன்று தேவை: வீட்டிலிருக்கும் தகப்பன், வாசிக்கத் தெரிந்தவர், ஓய்வான மாலைப்பொழுது. கணவன் தோட்டத்திலேயே தங்கும் வாரங்களில் இம்மூன்றும் எங்கிருந்து வரும்? நாம் அன்று ஆற்றிய அருளுரை இவ்வுருவகத்தின் நிழலே.

மூன்றாவது, உலை. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த அருள்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதை நமக்குத் தந்தவர். ‘பரட்டை அண்ணன்’ என்று மாணவர் அன்புடன் அழைத்த அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் இசைக்கருவிகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவான ‘பெத்தவர்’ என்னும் சிற்றூர்ச் சொல்லால் அழைத்தார். பாகம் பிரியாத குடும்பத்தை ‘ஒரே உலை’ என்று மக்கள் கூறும் வழக்கிலிருந்து, பகிர்ந்துண்ணும் சமுதாயமே இறையரசின் அடையாளம் என்னும் இறையியலை அவர் எடுத்துரைத்தார். சாதியால் உணவும் உறவும் பிளவுபட்ட மண்ணில் இது வெறும் அழகிய உருவகமன்று. யாருடைய பானையில் யார் உண்பது என்பதே இங்குத் தீண்டாமையின் உரைகல். இவ்வகையில் அப்பாவு திருவிருந்தை அடுப்படிக்கு அருகில் கொண்டுவந்தார் என்பது நம் துணிபு.

திருமறையும் இதற்குத் துணைநிற்கிறது. மாற்கு 1:31இல் காய்ச்சல் நீங்கி எழுந்த பேதுருவின் மாமி செய்ததற்கும், மாற்கு 10:45இல் மானிட மகன் தாம் செய்ய வந்ததாகக் கூறுவதற்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல்தான் உள்ளது. லூக்கா 10:40இல் மார்த்தாளின் அலுவலைக் குறிப்பதும் அதன் பெயர்ச்சொல்லே. நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்போ மாமி செய்ததைப் ‘பணிவிடை’ என்றும், மார்த்தாள் செய்ததை ‘வேலை’ என்றும், ஆண்டவர் செய்ததை ‘ஊழியம்’ என்றும் பிரித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்ந்தனர். அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ‘ஊழியம்’ என்னும் சொல்லை ஆயர்களாகிய நாம் நமக்கே உரியதாக்கிக்கொண்டோம். அதிகாலை நான்கு மணிக்கு உலை வைப்பவர் ‘வேலை’ செய்கிறார். ஏழு மணிக்கு எழுந்து அருளுரை எழுதும் நாம் ‘ஊழியம்’ செய்கிறோம்!

எனினும் உலை என்னும் உருவகத்தையும் சோதித்தே ஏற்க வேண்டும். உலை ஒன்றுதான், அதற்குத் தண்ணீர் சுமப்பவர் யார்? அனைவரும் உண்டபின் பானையின் அடியில் மிஞ்சியதை உண்பவர் யார்? தோட்டத்தில் இருவரும் உழைத்துத் திரும்பினாலும், வீட்டில் ஒருவருக்கே இரண்டாம் உழைப்பு. இக்கேள்விகளைக் கேளாமல் ‘ஒரே உலை’ என்று நாம் புகழ்ந்தால், பகிர்தலின் பெயரால் பெண்ணின் சுமையையே தூய்மைப்படுத்திவிடுவோம். இதை எழுதும்போது நம் ஆயரகமே நம் கண்முன் நிற்கிறது. குடும்ப வாழ்வைப் பற்றி அருளுரை ஆற்றிய அந்த ஞாயிற்றிலும், விருந்தினரும் நாமும் உண்டு முடித்தபின்னரே நம் துணைவியார் உண்டார். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. அதை நாம் கவனித்ததே இல்லை.

இவ்விடத்தில் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. ஓய்வுடைய செல்வர் முந்தி வந்து உண்டுவிட, உழைப்பாளிகள் பிந்தி வந்து பசியோடிருந்தனர் என்று ஆய்வாளர் பலர் விளக்குவர். அங்கே பவுல் பிந்தி வந்தவரைக் கடியவில்லை. முந்தி உண்டவரையே கடிந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி 33ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறார். தேவாரத்தில் நாம் செய்ததோ இதற்கு நேர்மாறு.

பின்பு ஜெபக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றினோம். மூப்பர் சிலர் இதை விரும்பவில்லை. கூட்டம் பெருகிவிடவும் இல்லை. வந்தவர்களில் சிலர் களைப்பால் உறங்கினர். அவர்களை எழுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நம் இல்லத்தில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்பது என்ற ஒழுங்கை ஏற்படுத்தினோம். அது நடைமுறைக்கு வரப் பல மாதங்களாயின.

உழைப்பே ஜெபம் என்றால் ஜெபம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். அத்தாய் அப்படிக் கூறவில்லை. உலை கொதிக்கும் நேரத்தில் அவர் உண்மையாகவே ஜெபித்தார். அந்த ஜெபம் திருச்சபையின் கணக்கில் சேருமா என்றே கேட்டார். சேரும் என்பதே நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை. குடும்பம் பற்றி அருளுரை எழுத அமரும் இளம் ஆயர்கள், விளக்கவுரை நூல்களைத் திறப்பதற்கு முன், தம் சபையின் வீடுகளில் எத்தனை மணிக்கு உலை வைக்கப்படுகிறது என்று கேட்டறிவார்களாக. தம் வீட்டிலும் கேட்பார்களாக.