பயண எழுத்தில் 'தமிழன்' என்னும் தற்பெயர்: ஏ.கே. செட்டியாரின் நூலும் தங்கவயல் இதழும்

1. முன்னுரை

இளம் வயதில் அயல்நாடு சென்று திரும்பியவர் எழுதும் நூலில், இடங்களைப் பற்றிய செய்தியைவிட எழுதியவரின் அகமாற்றமே சிறந்த பொருள் என்னும் கருத்து பயண இலக்கியத் திறனாய்வில் வலுப்பெற்றுள்ளது. பயணி எதைக் கண்டார் என்பதினும், தம்மை எவ்வாறு கண்டுகொண்டார் என்பதே முதன்மையாக வினவப்படுகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குவோர்க்கு ஏ.கே. செட்டியாரின் (1911–1983) 'உலகம் சுற்றும் தமிழன்' (1940) ஏமாற்றம் தரக்கூடும். சிறு சிறு தொடர்களால் அமைந்த அந்நடையில் செய்தி உண்டு. மெல்லிய நகைச்சுவை உண்டு. தம்மைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு.

இது குறைதானா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தன்னறிவு 'நான்' என்னும் தன்மைப் பெயரின் வழியே மட்டும் வெளிப்படுவதன்று. பயணி தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் பெயரிலும் அது வெளிப்படும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இதனை விளக்க, 'தமிழன்' என்னும் அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து 1926 முதல் வெளிவந்த இதழ் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. செட்டியார் கடல் கடந்து சென்றவர். தங்கவயல் வாசகர்கள் சுரங்க வேலைக்கென மைசூர் நாட்டிற்கு வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் மக்கள். இருசாராரும் ஒரே சொல்லால் தம்மைச் சுட்டினர். அச்சொல்லின் பொருளும் ஒன்றுதானா என்பது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினாவாகும்.

2. வழியிடைப் பேச்சும் வழிகாட்டும் பேச்சும்

வழியில் நின்று தன்னை ஆராயும் பேச்சு தமிழுக்குப் புதிதன்று. அகத்திணை மரபில் ஓதல், தூது, பொருள் முதலிய காரணங்களால் தலைவன் பிரிகிறான். பாலைப் பாடல்களில் அவன் இடைச்சுரத்தில் நின்று தன் நெஞ்சை விளித்துப் பேசுவது தனித் துறையாகவே வளர்ந்தது. மேலே செல்வதா, மீள்வதா என்னும் வினா அங்கு எழுகிறது. இலக்கண நிலையில் நோக்கின், தன்மை இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி முன்னிலையாகிறது எனலாம். ஆயினும் அங்குப் பேசுபவனுக்குப் பெயர் இல்லை. அகத்துள் ஒருவரின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது மரபு. எனவே, தமிழின் பழைய அகப்பயணி தன்னை ஆராய்கிறான். ஆனால் தன்னைப் பெயரிட்டுக்கொள்வதில்லை.

ஆற்றுப்படையின் நிலை வேறு. பரிசில் பெற்று மீள்பவன், பெறாதவனுக்கு வழி கூறுகிறான். தான் நடந்த வழி பிறனுக்குரிய வழியாக மாறுகிறது. பேசுபவனின் அனுபவம், கேட்பவனுக்குப் பயன்படும் அளவிலேயே அங்கு இடம்பெறுகிறது. ஊரும் ஆறும் உணவும் விரிவாகக் கூறப்படுகின்றன. உள்ளம் சுருக்கமாகக் கூறப்படுகிறது.

பகடாலு நரசிம்மலு நாயுடு 1889இல் வெளியிட்ட 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' முதலாக வளர்ந்த உரைநடைப் பயண நூல்கள் பெரிதும் இவ்விரண்டாம் வழியையே பின்பற்றின. செட்டியாரும் அவ்வழியினரே. அவர் நூலில் நெஞ்சொடு பேசும் தலைவனைத் தேடுவது, ஆற்றுப்படையில் பாலைப் பாட்டைத் தேடுவதைப் போன்றது. தேடுவோர் ஏமாறுவதற்கு நூல் பொறுப்பாகாது.

3. தலைப்பின் இலக்கணம்

செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்த செட்டியார், இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றார். நகரத்தார் வழக்கில் வணிகத்திற்காக அயல்நாடு செல்வதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். அச்சொல்லுக்குரிய குடியில் பிறந்தவர், வணிகத்திற்காக அன்றி ஓதற்பிரிவாகப் பிரிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிறைவுறவில்லை. அவ்வெண்ணம் 1940இல் தமிழில் விவரணப் படமாக வெளிவந்தது. தன்னறிவு என்பது வாழ்நாட்பணி ஒன்றைக் கண்டடைவதாயின், கடல் நடுவே அது செட்டியாருக்கு வாய்த்தது. எனினும் அதனைத் தம் அகத்தின் கதையாக்காமல் செயலின் கதையாகவே அவர் கூறினார்.

அவர் தம்மைப் பற்றிக் கூறிய ஒரு பெருங்கூற்று நூலின் தலைப்பில் உள்ளது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்பதில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன.

முதலாவது, 'சுற்றும்' என்னும் பெயரெச்சம். 'சுற்றிய' என்றிருப்பின் பயணம் முடிந்தது, எழுதுபவர் திரும்பிவிட்டார். 'சுற்றும்' என்பது வழக்கத்தையும் எதிர்வையும் ஒருங்கே சுட்டுகிறது. பயணி இன்னும் வழியில் இருக்கிறார்.

இரண்டாவது, படர்க்கை. தம்மைச் சுட்ட வேண்டிய இடத்தில் ஆசிரியர் 'நான்' என்னாது, பிறர் தம்மைச் சுட்டக்கூடிய சொல்லை மேற்கொள்கிறார். அயலார் கண்ணால் தம்மைக் காண்பதே இதன் பொருள்.

மூன்றாவது, பெயரிடத்தில் வரும் சொல். அதே தொடரமைப்பில் 1973இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயர் 'உலகம் சுற்றும் வாலிபன்'. அங்கு வயதும் துடிப்பும் பயணியின் அடையாளம். செட்டியாரின் தலைப்பில் மொழி அடையாளம். அக்காலத்தில் அயல்நாடு சென்ற இந்தியர் பிரித்தானியப் பேரரசின் குடியாகவே ஆவணங்களில் குறிக்கப்பட்டனர். ஆவணம் தந்த பெயரையும், குடிப்பெயரையும், ஊர்ப்பெயரையும் விடுத்து, தாம் பேசும் மொழியால் தம்மைப் பெயரிட்டுக்கொண்டமை ஒரு தேர்வு. நூலுள் அடங்கியிருக்கும் தன்னறிவு இத்தேர்வில்தான் வெளிப்பட்டுள்ளது.

4. தங்கவயலின் 'தமிழன்'

தங்கவயலுக்கு வந்தோரின் வினைச்சொல் 'பிழைக்கப் போதல்'. 1876–78 பஞ்சத்தை அடுத்து, 1880களில் ஆங்கிலேய நிறுவனங்களின் சுரங்கப் பணி பெருகியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து, நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினராக இங்கு வந்தனர். அவர்கள் கடலைக் கடக்கவில்லை. ஆயினும் சென்னை மாகாணத்தின் எல்லையைக் கடந்து, கன்னடமும் தெலுங்கும் வழங்கும் மைசூர் அரசின் நிலத்தில் குடியேறினர்.

இவ்விடப்பெயர்களே மொழியியல் ஆய்வுக்குரியன. ஆங்கிலத்தில் கனிமம் கிடைக்கும் பரப்பைக் குறிக்கும் சொல் தமிழில் 'வயல்' எனப் பெயர்க்கப்பட்டுத் 'தங்கவயல்' ஆயிற்று. ஊரில் சொந்த வயல் இல்லாதவர்கள் வேலை செய்த இடத்திற்கு 'வயல்' என்னும் பெயர் அமைந்தது. ஆனால் 'சாம்பியன் ரீப்ஸ்' பெயர்க்கப்படவில்லை. பொன் தாங்கிய பாறைப் படுகையைக் குறிக்கும் 'ரீப்' என்னும் சொல், பொருள் விளக்கமின்றி ஒலியளவில் தமிழில் நிலைத்தது. அதன் அருகிலுள்ள மாரிகுப்பம் தன் நாட்டுப்பெயரோடு நின்றது. பெயர்த்த சொல், ஒலிபெயர்த்த சொல், பழஞ்சொல் ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள் அமைந்தன.

இச்சூழலில் 'தமிழன்' என்னும் சொல் வந்த வழி வேறு. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல மகாதேரரிடம் பௌத்த தீக்கை பெற்று மீண்டு, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ், அடுத்த ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் சுருங்கியது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கக் கிளைகள் தோன்றின. சுரங்கத் தொழிலாளரின் பொருளுதவியும் ஆதரவும் இயக்கத்திற்கு ஊன்றுகோலாயின. பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோன இதழை, 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொணர்ந்தவர் ஜி. அப்பாதுரையார்.

அயோத்திதாசரின் கொழும்புப் பயணமும் தன்னையறியும் பயணமே. ஆனால் அவர் தாம் புதிதாக ஒன்றாக மாறியதாகக் கருதவில்லை. முன்பே தாம் என்னவாக இருந்தாரோ அதனை மீட்டதாகவே கருதினார். 'பூர்வ பௌத்தர்' என்னும் அவர்தம் சொல்லாட்சியில் 'பூர்வ' என்பதே கருத்தின் உயிர். தன்னைக் கண்டறிதல் அங்குத் தன்னை மீட்டறிதலாகிறது. அவ்வகையில் 'தமிழன்' என்பது சாதிபேதம் அற்றவனுக்குரிய பழம்பெயராக முன்வைக்கப்பட்டது.

5. ஒரு சொல், இரு வினாக்கள்

ஒரு பெயரின் பொருளை, அது எவ்வினாவுக்கு விடையாகிறது என்பதைக் கொண்டு அறிதல் வேண்டும். செட்டியாரிடம் அயல்நாட்டார் கேட்கக்கூடிய வினா 'நீர் எந்த நாட்டவர்?' என்பது. அதற்கு நாட்டுப்பெயரை எதிர்பார்க்கும் இடத்தில் மொழிப்பெயர் விடையாக நிற்கிறது. தங்கவயலின் வாசகரை ஊர் கேட்ட வினா 'நீ என்ன சாதி?' என்பது. அதற்குச் சாதிப்பெயரை எதிர்பார்க்கும் இடத்தில் அதே சொல் விடையாக நிற்கிறது. முன்னது தம்மை மேலும் துல்லியமாகச் சுட்டும் விடை; பின்னது வினாவையே மறுக்கும் விடை.

ஆவணங்களிலும் இவ்வேறுபாடு புலனாகிறது. கடவுச்சீட்டு ஒருவனை எல்லை கடக்கச் செய்வது. தங்கவயலில் 1930இல், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கைரேகைக்கு மொழியும் இல்லை, தேர்வும் இல்லை. தன் பெயரைத் தானே கூறும் உரிமை யாருக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு பயணத்திற்கும் வேறுபடுகிறது.

இவ்வொப்பீடு செட்டியாரின் மௌனத்தின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. தம்மை முன்னிறுத்தாத அவர் அடக்கம் நூலுக்கு வலிமை. கண்ட மனிதர்களுக்கு இடம் விடுகிறது. எனினும், தம் பெயரை வாதிட்டு நிறுவ வேண்டிய தேவையற்றவர்க்கே அவ்வடக்கம் எளிது. தங்கவயலின் இதழ் வாதிடுகிறது, சான்று காட்டுகிறது, சொல்லாராய்ச்சி செய்கிறது. 'தமிழன்' என்னும் பெயரைச் செட்டியார் சூடிக்கொள்கிறார். இதழ் அதனை வென்றெடுக்க முயல்கிறது. செட்டியாரின் தலைப்பு அனைத்துத் தமிழரையும் உள்ளடக்குமா என்னும் வினாவை அவர் நூல் எழுப்பவில்லை. தங்கவயலின் இதழை அருகில் வைத்தால்தான் அவ்வினா எழுகிறது. ஆண்பால் ஒருமை விகுதி இரு தலைப்பிலும் பெண்களை வெளியே நிறுத்துவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

6. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

இத்தகைய நூல்களைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்வோர் மூன்று இடங்களில் முடிவெடுக்க வேண்டியவராகின்றனர்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் பொதுமையையோ தனிமையையோ சுட்டும் சொல் இன்றியமையாதது. தமிழில் அஃது இல்லை. 'தமிழன்' என்பது தமிழருள் எவனோ ஒருவன் எனவும் படும்; அறியப்பட்ட அந்த ஒருவன் எனவும் படும். முன்னதைக் கொண்டால் தலைப்பு அடக்கமாகிறது. பின்னதைக் கொண்டால் பெருமிதமாகிறது. செட்டியாரின் நடையை நோக்க, முன்னதே பொருந்தும். இதழின் பெயருக்கோ இரண்டும் முழுமையாகப் பொருந்தா. அங்கு ஒருமை வடிவம் இனம் முழுவதையும் குறிக்கிறது.

அடுத்து, கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு. பயணி தாய்நாட்டு வாசகரிடம் 'நம் ஊரில்' என்பான். அயல்நாட்டாரிடம் 'எங்கள் ஊரில்' என்பான். ஒரே ஊர், கேட்பவர் மாற, இரு ஊராகிறது. தான் யாரோடு சேர்ந்தவன் என்னும் அறிவு இவ்விடைவெளியில்தான் தமிழில் பதிவாகிறது. சாதி இந்து வாசகரையும் உட்கொண்டு ஓர் எழுத்து 'நாம்' என்கிறதா, அவரை நீக்கி 'நாங்கள்' என்கிறதா என்பது தங்கவயல் எழுத்துகளில் கொள்கையையே மாற்றக்கூடியது. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்க்கும் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றில் இது மறையும். தொடரைச் சற்று விரித்தேனும் யாரைச் சேர்த்து, யாரை நீக்கிப் பேசப்படுகிறது என்பதைக் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, செலவுச் சொற்கள். யாத்திரை, கொண்டுவிக்கப் போதல், பிழைக்கப் போதல் ஆகியவற்றைப் 'பயணம்' என்னும் பொதுச்சொல்லுக்கு நேரான ஒன்றால் பெயர்ப்பின், புண்ணியமும் வாணிகமும் உயிர்பிழைத்தலும் ஒன்றாகிவிடும். சென்றவன் எதைத் தேடிச் சென்றான் என்பது தெரியாதபோது, எதைக் கண்டான் என்பதும் தெரியாது.

7. முடிவுரை

தன்னைக் கண்டறிந்ததாக அறிவிப்பது பயண நூலின் சிறப்பிற்கு அளவுகோல் ஆகாது. செட்டியார் அறிவிக்கவில்லை, பெயரிட்டார். தங்கவயலின் 'தமிழன்' பெயரிட்டதோடு அப்பெயருக்காக வழக்காடினான். இரண்டும் இடம்பெயர்வின் விளைவுகள். இரண்டும் பிறர் கேட்ட வினாவிலிருந்து பிறந்தவை.

2001இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சாம்பியன் ரீப்ஸில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு இறங்கியவர்களின் வழிவந்தோருள் பலர், பின்னர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் செல்வோராயினர். 'சொந்த ஊர் எது?' என்னும் தமிழ் வினாவுக்கு அவர்கள் தரும் விடை வட ஆர்க்காட்டுச் சிற்றூரா, தங்கவயலா என்பதைப் பதிவு செய்யும் பயண எழுத்து தொகுக்கப்பட வேண்டும். 'உலகம் சுற்றும் தமிழன்' மீண்டும் படிக்கப்படும்போது அதன் அருகில் வைக்க வேண்டிய நூல் அதுவேயாகும்.