குளம் வேண்டுமா, சேறு போதுமா?

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். மயிலாப்பூரின் நீண்ட ஏரியை 1920-களில் வடித்துவிட்டு மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு இன்னும் அந்த ஏரியின் பெயரைச் சுமக்கிறது. ஏரிகள் போகப்போக, கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் நம் சமையலறையை விட்டு விலகின. இப்போது மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தோட்டம் போட்டவர்கள், கொல்லையில் சிறு குளம் வெட்டி நீர்ச்செடிகளை உணவுக்கு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நான்கு கேள்விகளுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்: தட்டுக்கு என்ன வரும், தண்ணீர் எவ்வளவு போகும், கொசுவுக்கு இடமாகுமா, சந்தைச் சரக்கைவிட மேலானதா?

முதல் ஆசை தாமரைமேல். தாமரைத்தண்டு வற்றலை வத்தக்குழம்பில் ருசித்தவர்கள் அதை வீட்டிலேயே எடுக்க நினைப்பார்கள். நாம் தண்டு என்று சொல்வது சேற்றுக்குள் ஓடும் கிழங்கு. பகல் குறுகும்போதுதான் அது நன்றாகத் தடிக்கும். காஷ்மீரின் தால் ஏரியில் நத்ரு என்ற பெயரில் இந்தக் கிழங்கு விளைவதற்கு அந்தப் பருவமாற்றம் துணை. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. தவிர, தாமரைக்கு நாளும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அடுக்ககச் சுவர்களுக்கு நடுவே அது எங்கே கிடைக்கும்? அல்லியும் அப்படித்தான். கணவனை இழந்த பெண்ணின் உணவாக அல்லியரிசி புறநானூற்றில் வருகிறது. ஊரெல்லாம் குளம் இருந்த நாளிலேயே அது கைம்மை நோன்பின் உணவு. ஒரு தொட்டி அல்லி ஒரு வேளைக்கும் காணாது. பூவுக்காக வளர்த்தால் சரி, உணவென்ற கணக்கில் இரண்டும் தேறவில்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு லிட்டர் நட்டம். கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டராவது போகும். 2019 கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இந்தக் கணக்கை அலட்சியம் செய்யக்கூடாது. மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு சதுர மீட்டரில் ஓரடி ஆழம் நிரப்பினால் தண்ணீர் மட்டுமே முந்நூறு கிலோ. மயிலாப்பூரின் பழைய வீடுகளில், மரச்சட்டம் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரைமேல் அதை ஏற்றுவது ஆபத்து.

கொசுதான் மிகக் கனமான ஆட்சேபம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். நம் வெப்பத்தில் அந்த முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கும். தொட்டியைக் காயவைத்தாலும் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். கப்பி மீன் விட்டால் போதும் என்பார்கள். மீன் உதவும், ஆனால் இலையடர்ந்த மூலைகள் எல்லாவற்றையும் எட்டாது. நம் வீட்டுக் கீரைக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சலில் விழக்கூடாது.

இவ்வளவும் குளத்துக்கு எதிரான வாதம், செடிக்கு எதிரானதல்ல. வல்லாரை, பொன்னாங்கண்ணி, ஈழத்தில் கங்குன் என்று சொல்லும் வள்ளைக்கீரை ஆகிய மூன்றுக்கும் தேங்கிய தண்ணீர் தேவையில்லை. எப்போதும் ஈரமான சேறு போதும். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் அரை நிழலையும் தாங்கும். கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பதால் அகலத் தொட்டி ஒன்றே வாரம் ஒரு வேளைக் கறிக்கு உதவும்.

இவற்றை வீட்டில் வளர்க்க வலுவான காரணமும் உண்டு. இந்தச் செடிகள் வேர் நிற்கும் நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்பவை. சாக்கடை கலந்த வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த கட்டுக்கும் நல்ல தண்ணீரில் வளர்ந்த கட்டுக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கழுவினாலும் உள்ளே ஏறிய உலோகம் போகாது. யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பச்சையாக நறுக்கித் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுவார்கள். அதை நம்பி உண்ண வேண்டுமானால், செடி குடித்த தண்ணீர் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: குளம் வேண்டாம், சேறு போதும். அகலத் தொட்டியில் களிமண்ணும் மட்கிய எருவும் நிரப்புங்கள். மண்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே பக்கவாட்டில் துளையிடுங்கள். ஐப்பசி மழையிலும் மேலே தண்ணீர் நிற்காது, கொசுவுக்கு இடமில்லை. சாலையோர மண்ணை எடுக்காதீர்கள். இந்தியாவில் 2000 வரை பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம், ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், உப்பு சேர்ந்துவிடும். சந்தைக் கட்டிலிருந்து தண்டு நட்டால் முதல் அறுப்பைச் சமைக்காமல் விடுங்கள். இரண்டாம் அறுப்பு முதல் அது உங்கள் வீட்டுக் கீரை.