தேய்மானத்தைப் படிக்கும் கலை

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரில், மேலே எஞ்சினும் கீழே நீருக்குள் விசிறியும் இருக்க, இரண்டுக்கும் இடையே கியர் பெட்டியின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கும் நீர் பம்ப்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ரேடியேட்டர் இல்லாத இந்த இயந்திரம், படகு மிதக்கும் நீரையே உறிஞ்சிச் சிலிண்டர்களைச் சுற்றி அனுப்பித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த நீரை மேலேற்றுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் எனப்படும் அச்சக்கரத்தை மாற்றுவது பணிமனைகளில் அன்றாட வேலைதான் என்றாலும், ஒரு பழைய மோட்டாரில் அதன் உரிமையாளரே பொறுமையுடன் செய்யும்போது, அது கைவினை என்ற பெயருக்கு முழுத் தகுதி பெறுகிறது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-இல் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் வெறும் 1.5 குதிரைத்திறன் கொண்டது. 1949-இல் ஜான்சன் நிறுவனம், முன்னோக்கியும் பின்னோக்கியும் செலுத்தவும் நடுநிலையில் நிறுத்தவும் கியர் அமைந்த 10 குதிரைத்திறன் மோட்டாரை வெளியிட்டது. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் ஜான்சன், எவின்ரூட் என்னும் இரு பெயர்களிலும் ஒரே தாய் நிறுவனத்திலிருந்து வந்த மோட்டார்களே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றைச் செய்தவர்கள், அவை திரும்பத் திரும்பப் பிரிக்கப்படும் என்று எண்ணியே செய்திருக்கிறார்கள்.

பம்பின் அமைப்பு நின்று ரசிக்கத்தக்கது. வட்டமான அறைக்குள் சக்கரம் வேண்டுமென்றே மையம் விலகிப் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் ரப்பர் இதழ்கள் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் சுவரோடு நெருக்குண்டு வளைந்தும் சுழல்கின்றன. நிமிரும் பக்கத்தில் இரு இதழ்களுக்கிடையே உள்ள வெளி விரிந்து நீரை உள்ளிழுக்கிறது. வளையும் பக்கத்தில் அவ்வெளி சுருங்கி நீரைப் பிதுக்கி மேலே தள்ளுகிறது. வேகம் கூடியதும் நீரின் அழுத்தம் இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிவிட, அதே சக்கரம் நீரை விளிம்புக்கு வீசும் மையவிலக்கு பம்பாக மாறிவிடுகிறது. வால்வோ ஸ்பிரிங்கோ இல்லாமல், மெல்ல ஓடும்போது ஒரு வகையாகவும் விரைந்து ஓடும்போது வேறு வகையாகவும் வேலை செய்யும் இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு எந்திரவியலில் அரிது. ஆனால், அதன் திறனுக்குக் காரணமான இந்த வளைவே அதன் தேய்வுக்கும் காரணமாகிறது: மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் மோட்டாரில், வளைந்தபடியே கிடந்த இதழ்கள் நிமிரும் குணத்தை இழக்கின்றன, நீரே மசகாகவும் இருப்பதால், நீரின்றி ஓடிய சில நொடிகளிலேயே ரப்பர் தீய்ந்துபோகிறது.

கைத்திறனுக்குரிய முதற்சோதனை பம்பை அடைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. எஞ்சின் தற்செயலாக உயிர்பெறாமலிருக்க ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிய பின், கியர் பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளை இளக்க வேண்டும். அலுமினிய உடலில் வேறோர் உலோகத்தாலான போல்ட் பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்தால், இரண்டுக்குமிடையே மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, வெண்பொடி படிந்து, போல்ட் இறுகிவிடும். தேர்ந்த கை இங்கே வலிமையைக் காட்டுவதில்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, சுற்றியுள்ள உலோகத்தை அளவாகச் சூடேற்றி, முதலில் ஓர் இழை இறுக்கி, பிறகே தளர்த்தி, ஸ்பானர் வழியே வரும் அசைவு போல்ட் இளகுவதால் வருகிறதா முறுகுவதால் வருகிறதா என்பதை உணர்ந்து நிறுத்துகிறது. கியரை மாற்றும் தண்டையும் மேற்பகுதியிலிருந்து பிரித்தாக வேண்டும். அதன் இணைப்பு சில மாடல்களில், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடைப்பட்ட காலின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடிக்குள்ளும், சிலவற்றில் எஞ்சினுக்கு அடியிலும் இருக்கும்.

பம்பைத் திறந்தபின் செய்யும் வாசிப்பே இக்கலையின் உச்சம். ஒரே திசையில் மடிந்து கிடக்கும் இதழ்கள் நீண்ட ஓய்வைச் சொல்கின்றன. பளபளத்துக் கருகிய விளிம்புகள் வறண்ட ஓட்டத்தைக் காட்டுகின்றன. அடித்தகட்டிலும் அறையின் உட்சுவரிலும் வட்டமாக விழுந்த கீறல்கள் மணலின் வேலை. ஓர் இதழ் உடைந்து காணாமற்போயிருந்தால், அத்துண்டு மேலேறி நீர்ப்பாதையில் எங்கோ அடைத்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புதிய இம்பெல்லரை மாட்டுவது, மோட்டாரைச் சூடேறவிட்டுப் பிஸ்டனை இறுகச் செய்வதற்கே வழிவகுக்கும். விரல் நகம் சிக்குமளவு கீறல் விழுந்த தகட்டையும் மாற்றியாக வேண்டும். ரப்பரை மட்டும் மாற்றுவோர் பாதி வேலையே செய்தவர்கள்.

புதிய இம்பெல்லருக்குச் சோப்பு நீர் அல்லது கிளிசரின் தடவி, எஞ்சினின் சுழற்சியைக் கீழே கொண்டுவரும் இயக்கத் தண்டோடு அதைப் பிணைக்கும் சிறு ஊசியையோ உலோகத் துண்டையோ இடத்தில் வைத்து, மேலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் தண்டைச் சுழற்றிக்கொண்டே அறையை அதன்மேல் இறக்கினால், இதழ்கள் உரிய பக்கம் சாய்ந்து அமர்கின்றன. அடுத்து வரும் பொருத்துதல்தான் கடினமானது: இயக்கத் தண்டின் பல்வரி எஞ்சினுக்குள்ளும், மேலிருந்து தொங்கும் நீர்க்குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள்ளும், கியர் தண்டு அதன் இணைப்புக்குள்ளும், இருட்டான காலின் உள்ளே ஒருசேர நுழைய வேண்டும். பல்வரி பொருந்த மறுத்தால் எஞ்சினின் மேலேயுள்ள ஃப்ளைவீலைக் கடிகாரத் திசையிலேயே சிறிது திருப்ப வேண்டுமேயன்றி, போல்ட்டை இறுக்கி இழுக்கலாகாது. கிரீஸையும் பல்வரியின் பக்கங்களில் மட்டுமே தடவ வேண்டும். உச்சியில் தடவினால் அது உள்ளே சிறைப்பட்டு, தண்டு முழுதும் ஏறாதபடி தடுத்துவிடும்.

நீர் நிரம்பிய டிரம்மில் ஓட்டிப் பார்க்கையில், பம்ப் வேலை செய்வதைக் காட்டும் தனித் தாரை இப்பழைய மாடல்கள் பலவற்றில் இராது; காலின் பின்புறத் துளையிலிருந்து புகையுடன் கலந்து தெறிக்கும் நீரையும், சில நிமிடம் கழித்தும் கை பொறுக்குமளவே சூடேறிய சிலிண்டர் தலையையும் கொண்டு தீர்மானிக்க வேண்டும். எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020-இல் நிறுத்தப்பட்டது என்றாலும், 1950-களின் மோட்டார்களுக்கான இம்பெல்லர்களை வேறு உற்பத்தியாளர்கள் இன்றும் செய்து விற்கிறார்கள். ஆகவே, பழைய மோட்டார் வைத்திருப்போர் கழற்றிய ரப்பரை உதிரியாகப் பாதுகாத்து வைக்காமல், தகடும் அறையும் சேர்ந்த முழுத் தொகுப்பையே வாங்கி மாட்டுவது நல்லது.