ரோலரைக் கையில எடுங்க!

வீட்டுக்குள்ள பெயிண்ட் அடிக்க ஸ்ப்ரேயரா ரோலரானு என்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, விடிய விடியப் பேசுவேன். அதுவும் பழவேற்காட்டுக் குப்பத்து வீடுன்னா ரோலர்தான், ரோலரேதான்!

பொங்கலுக்கு முன்னாடி லைட்ஹவுஸ் குப்பத்துல அத்தை வீட்டுக்கு வண்ணம் அடிச்சோம். இடத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கிழக்கே வங்கக்கடல், மேற்கே ஏரி, நடுவுல மணல்திட்டு, அதுமேல சின்னச் சின்ன வீடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையைக் குடிச்ச சுவர் காயும்போது, உள்ள இருக்குற உப்பெல்லாம் ஈரத்தோட மேல வந்து வெள்ளையா பூத்து நிக்கும். விரலால தொட்டாலே உதிருது! அதைத் தண்ணி ஊத்திக் கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிடும். அதனால கம்பி பிரஷ்ஷால காய்ஞ்சபடியே தேய்ச்சு, நல்லா வெயில் காத்து காட்டி, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சாத்தான் மேல பூசுற எமல்ஷன் நிக்கும். ஒரு பக்கச் சுவர்ல இன்னும் பழைய சுண்ணாம்பு இருந்துச்சு. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை மட்டையால அடிச்ச காலத்துப் பூச்சு. பொடி உதிருற அந்தப் பூச்சைச் சுரண்டாம எமல்ஷனை ஏத்தினா, மொத்தமா உரிஞ்சுக்கிட்டு வந்துடும். சுரண்டிட்டோம்.

மச்சானுக்கு ஸ்ப்ரேயர் மேல ஆசை. அதோட வேகம் ராஜவேகம்தான்! 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியோட பிரமாண்டக் கட்டடங்களுக்கு அவசர அவசரமா வெள்ளையடிக்கக் காத்தழுத்தத்துல பீச்சுற முறையைத்தான் இறக்கினாங்க. பூட்டிக் கிடக்குற காலி வீடு, புதுசாக் கட்டின பெரிய ஹால், வளைவு வளைவான கிரில், அங்கெல்லாம் அது ஜெயிக்கும். ஆனா இங்க? ஜன்னலைத் திறந்தா கடல்காத்து, மூடினா மூச்சு முட்டும். மூலையில வலைக் குவியல், பரண்ல மிதவை, டிவி, பீரோ, கட்டில். அத்தனையையும் பிளாஸ்டிக் தாள்ல மூடி டேப் ஒட்டி, பீச்சி முடிச்சு, அப்புறம் மெஷினையும் குழாயையும் கழுவுறதுக்குள்ள ரோலர்காரன் ஒரு அறையையே முடிச்சிருப்பான். பீச்சுற புகையில பாதி பெயிண்ட் சுவருக்கே போகாது, மீன் காயப்போட்ட முற்றத்துக்குப் போயிடும்!

இப்போ ரோலரைப் பாருங்க. 9 அங்குலம், நல்லா அடர்ந்த முடி வெச்சது. ட்ரேயில முக்கி, மேட்டுல உருட்டி வழியறதை வடிச்சு, சுவர்ல வெச்சு மேலேத்தினேன் பாருங்க, அய்யோ அந்தச் சத்தம்! ஈரமா, ஒட்டி ஒட்டிப் பிரியுற ஒரு சர்ர்ர், அந்தச் சத்தத்தோடயே பிரைமர் மேல நீலம் படருது, கொத்தனார் கரணை விட்ட மேடுபள்ளம், ஊசித் துளை எல்லாத்துக்குள்ளயும் பெயிண்டை அழுத்தி அழுத்தித் திணிக்குது, நான் குறுக்கும் நெடுக்குமா ஓட்டுறேன், காத்துல ஓரம் காய்றதுக்குள்ள அடுத்த பட்டையை அதோட சேர்த்துடணும்னு மனசு அடிச்சுக்குது, ஓரமும் மூலையும் பிரஷ்ஷால மச்சான் இழுத்துக்கிட்டே முன்னால போறார், பின்னாலயே நான் உருட்டிக்கிட்டு ஓடுறேன், அத்தை வாசல்ல நின்னு "டேய், மேல விட்டுட்டடா, மேல!"னு கத்துறாங்க, எனக்குச் சிரிப்பு தாங்கல, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் இறங்கல, ரெண்டாவது கோட் ஏறினதும் அந்தக் கூடமே பளீர்னு முழிச்சுக்கிச்சு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க எனக்கு!

கூரை அடிக்கும்போது முகத்துல புள்ளி தெறிக்கும்தான். தெறிக்கட்டுமே! கம்பு மாட்டிக்கிட்டா சாரமே வேண்டாம், தரையில நின்னபடியே எட்டும். 1940-ல டொரன்டோவுல இந்த ரோலரை உருவாக்கின நார்மன் பிரேக்கி மட்டும் இப்போ இருந்தா, படகு வெச்சுக் கூட்டிட்டு வந்து எறா தொக்கோட சோறு போட்டிருப்பேன்.

சமையல்கட்டு இன்னும் பாக்கி. அத்தை ரோஸ் வேணும்ங்கிறாங்க, மச்சான் கிளிப்பச்சைங்கிறார். எந்தக் கலரா இருந்தா என்ன, உருட்டப்போறது நான்தான்!