கத்தரி பட்ட பட்டு

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத் தறிகளில் நெய்த பூப்பட்டுகள், கவுன்களாக இருந்து பின்னர் பிரிக்கப்பட்டு வேறு பொருளானது சகஜம். அதைக் கலைக்கொலை என்று ஒரேயடியாகச் சொல்வது அவசரத் தீர்ப்பு.

அந்தக் கவுனின் தையலையே பாருங்கள். 'ரோப் ஆ லா பிரான்சேஸ்' உடையில் முதுகுப்புறம் கழுத்திலிருந்து தரைவரை இறங்கும் அகலமான மடிப்புகள், துணியை வெட்டாமல் மடித்தே அமைந்தவை. தறியில் வந்த அரை மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலம் அப்படியே உள்ளே கிடக்கும். துணிதான் விலை, தையற்கூலி அதன் முன் அற்பம். பிரித்தால் பட்டு முழுசாகத் திரும்பக் கிடைக்கும்படித் தைத்த உடையைப் பிரிப்பது எப்படித் துரோகமாகும்?

தேவாலயத்துக்குக் காணிக்கையாகப் போன கவுன்கள் பாதிரியாரின் திருப்பலி அங்கிகளாயின. இந்த மாற்றத்தை நான் ஆதரிப்பேன். லியோனின் பட்டு வடிவமைப்பாளர் ழான் ரெவெல் 1730களில் இரு நிற ஊடைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நெய்த பழத்துக்கும் பூவுக்கும் ஓவியத்தின் நிழலைக் கொண்டுவந்தார். மடிப்புக்குள் ஒளிந்துவிடும் அந்த நுணுக்கம், அங்கியின் தட்டையான முதுகில் முழுசாகத் தெரியும். கவுனின் வடிவம் போய்விட்டது உண்மைதான். ஆனாலும் ஊசித் துளைகளும் மடிப்புத் தடங்களும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

எல்லா மாற்றமும் இப்படியல்ல. சரிகையை இழை இழையாக உருவி விற்பது அக்காலச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகவே இருந்தது. 'பார்ஃபிலாஜ்' என்று அதற்கு அழகான பெயர் வேறு! மிஞ்சுவது சரிகை போன வெறுந்துணி. 19ஆம் நூற்றாண்டில் மாறுவேட விருந்துகளுக்காகப் பாட்டி காலத்துக் கவுன்களை இடுப்பு இறுக்கித் திருத்தியபோது, பழைய உடையும் மிஞ்சவில்லை, புதியதும் அழகாக அமையவில்லை.

இந்தப் பட்டை வெட்டித் தைக்கும் இன்றைய மெத்தைத் திண்டு இவற்றினும் மோசம். அரை முழத் துண்டில் பெரிய பூக்கொத்து பாதியில் அறுபடும். அதன்மேல் சாய்ந்து சாய்ந்து பூவேலை ஊடை தேயும். சன்னல் வெயிலில் பட்டு நைந்து பொடியும். இருநூறு ஆண்டு தாங்கியதைச் சில ஆண்டுகளில் முடித்துவிடலாம்.

இன்று முழுக் கவுன் கிடைத்தால் கத்தரி தொடவே கூடாது. ஏற்கெனவே துண்டானதைத் தாங்குதுணியில் பதித்து, வெளிச்சம் படாமல் வைக்கலாம். வாங்குகிறவர்கள் திருப்பிப் பாருங்கள்: தறியில் வந்த இரு கரைகளும் பழைய ஊசித் துளைகளும் இருந்தால், அதைத் திண்டுக்கு வெட்டித் தரச் சொல்லாதீர்கள்.