நாயின் நாவும் பாடினியின் அடியும்

பத்துப்பாட்டைப் பிறமொழியாளர்க்கு விளக்கப் புகுவார் ஓரிடத்தில் தயங்குதல் உண்டு. பொருநராற்றுப்படையில் பாடினியின் உருவம் கூந்தல் தொடங்கி அடிகாறும் புனையப்பெறுகின்றது. கூந்தலுக்கு ஆற்றின் அறல், நுதலுக்குப் பிறை, புருவத்திற்கு வில், வாய்க்கு இலவின் இதழ் என வருந்துணையும் கேட்போர் மகிழ்வர். அடியைச் சொல்லும்பொழுதோ ஓடி இளைத்த நாயின் நா உவமையாகின்றது. மகளிரின் எழிலைப் பாடுமிடத்து நாயை நினைத்தல் பழிப்பாகாதோ என அவர் வினவுவர். இக்காலத் தமிழ் மாணவரும் இவ்வினாவையே எழுப்புகின்றனர். மொழிபெயர்ப்போர்க்கு நாயை விலக்கித் தாமரை இதழைப் பெய்துவிடலாம் என்னும் எண்ணம் எழுதலும் இயல்பே. அவ்வாறு செய்தல் பெரும்பிழை என்பதே எம் கருத்து.

இவ்வுவமை ஒரு புலவர் தவறிக் கூறியதன்று. சிறுபாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் விறலியர் அடிக்கு இதுவே வருகின்றது. மூன்று ஆற்றுப்படைகளில் மூன்று புலவர் எடுத்தாண்டது மரபேயன்றிப் பிறிதன்று. உவமை உயர்ந்ததாதல் வேண்டும் என்னும் தொல்காப்பிய விதிக்கு இது மாறாகாதோ எனின், ஆகாது. உயர்வு ஈண்டு விலங்கின் உயர்வன்று, எடுத்துக்கொண்ட தன்மையின் உயர்வு எனக் கொள்ளுதலே பொருந்தும். நிறத்தாற் சிவந்து, தொடுவதற்கு மென்மையாய், ஈரம் பொருந்தி, இளைப்பால் துவண்டு கிடப்பது நாயின் நா. இந்நான்கும் ஒருங்கே பொருந்தும் வேறொரு பொருளை யாம் தேடிக் கண்டிலேம். தாமரை சிவந்தது, மெல்லியது. ஆனால் தாமரை நடந்து இளைப்பதில்லை.

பாடினி அரண்மனையில் அமர்ந்திருப்பவள் அல்லள். வறுமையால் ஊர்விட்டு ஊர் செல்பவள். பரற்கல் உறுத்தி அவள் அடியிற் கொப்புளம் எழுந்தமையைப் பொருநராற்றுப்படை அடுத்தே கூறுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் இளையர் அவ்வடியை மெல்ல வருடுகின்றனர். அழகும் துன்பமும் ஒரே உறுப்பில் நிற்பதை ஒரே உவமையாற் காட்டினர் பண்டைப் புலவர். நாயை நீக்கினால் துன்பம் நீங்கும். துன்பம் நீங்கினால் வள்ளலிடம் ஆற்றுப்படுத்தற்கே காரணம் இல்லாதொழியும்.

அயலார் செவிக்குப் பழிப்பாகத் தோன்றுவது உள்ளவாறே பழிப்பாதல் வேண்டுவதில்லை என்பதற்கு ஆங்கிலத்திலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். சேக்சுபியரின் பதினான்கடிப் பாக்கள் 1609இல் அச்சேறின. அவற்றுள் 130ஆம் பாட்டு, காதலியின் கண் ஞாயிறு போன்றதன்று, இதழ் பவளத்தின் சிவப்பினதன்று, கூந்தல் கருங்கம்பி என அடுக்கிச் செல்கின்றது. கம்பி என்றமையே இகழ்ச்சி என இன்று படிப்போர் பலர் கருதுவர். அக்காலக் காதற் பாக்களிலோ பொற்கம்பி கூந்தலுக்குரிய புகழுவமை. இகழ்ச்சி கம்பியில் இல்லை, கருமையில் உள்ளது. காதலியின் மூச்சைப் பற்றி அவர் ஆண்ட வினைச்சொல்லும் அந்நாளில் ஆவி எழுதலையே பெரும்பாலும் குறித்தது. நாற்றப்பொருள் பின்னரே வலுப்பெற்றது. தம் மொழிப் பாட்டையே நானூறு ஆண்டு கழித்துப் படிப்போர் இங்ஙனம் இடறுவராயின், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பாட்டில் அயலார் இடறுதல் வியப்பன்று.

கருமை இகழ்ச்சியாதல் ஆங்கு மட்டுமே செல்லும். பெத்ரார்க்கா வழிவந்த புலவர்க்கு வெண்மையே அழகு. ஆங்கிலத்தில் அழகையும் வெண்மையையும் ஒரே சொல் குறித்தது. சங்கப் புலவர்க்கோ மாந்தளிர் போலும் மாமையே அழகு. மேனி வெளிறுதல் பசலை எனும் நோய். தன் மாமை தனக்கும் உதவாது தலைவனுக்கும் உதவாது பசலைக்கு உணவாயிற்றே என வெள்ளிவீதியார் குறுந்தொகையில் நைகின்றார். இலண்டன் புலவர் போற்றிய வெண்முகத்தை மதுரைப் புலவர் கண்டிருப்பின், இவளைப் பிரிந்து சென்றவன் யாவன் என்றே வினவியிருப்பார். எனினும் வெளிறிய நிறம் முழுதும் விலக்கப்பட்டது எனல் மிகையாகும். மேனியிற் பொன்னிறமாகப் படரும் சுணங்கு நலமாகவே பாடப்பட்டது. ஒரு நிறம் பரந்தால் நோயாகவும் தேமலாய் நின்றால் அழகாகவும் கொள்ளும் இந்நுட்பம் தமிழ்க்கே உரியது என்று சொல்லத் துணியோம். ஆயினும் தமிழில் அது தெளிவாக உள்ளது.

இனி, உள்ளவாறே பழிப்பாவதும் தமிழில் உண்டு. கலித்தொகையின் 94ஆம் பாட்டில் அரண்மனைப் பணியாளராகிய கூனியும் குறளனும் எதிர்ப்படுகின்றனர். இருவரும் ஒருவர் உருவை ஒருவர் மறைவின்றி எள்ளுகின்றனர். அவள் அவனை ஆண்டலைப் புள்ளின் குஞ்சு என்றும், எடுத்து நிறுத்திய சூதாடு பலகை என்றும் கூறுகின்றாள். அவனோ, முன்னின்று தழுவின் கூன் நெஞ்சில் ஊன்றும், பின்னின்று தழுவின் கூச்சம் உண்டாம், பக்கத்தில் நின்று சிறிது தழுவ அருள்க என்கின்றான். இப்பாட்டை விலக்கத்தக்கது எனக் கருதும் ஆசிரியரை யாம் அறிவோம்.

சேக்சுபியர் பாட்டோடு இதனை ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேற்றுமை புலனாகும். ஆங்கு ஆடவன் ஒருவனே பேசுகின்றான். உறுப்புத்தோறும் குறை கூறப்பட்டவள், இறுதியில் தான் ஒப்பற்றவள் எனக் கேட்கும்பொழுதும் வாய்திறந்திலள். ஈண்டோ பழிக்கப்பட்டவளும் பழிக்கின்றாள். அவள் சொல் அவன் சொல்லினும் கூர்மையுடையது. ஆயினும் இதனைக்கொண்டு தமிழ் மரபை வானளாவப் புகழ்தற்கும் இடமில்லை. இத்தகு வெளிப்படைச் சொல் அடியோர் வாயிலேயே வைக்கப்பட்டது. அன்பின் ஐந்திணைத் தலைவியின் உருவை எவரும் இவ்வாறு கூறார். எள்ளலை நகைக்கு ஒரு நிலைக்களனாகத் தொல்காப்பியர் வைத்தார். பாட்டைக் கேட்ட அவையும் நகைத்தேயிருக்கும்.

அந்நகைப்பைப் புலவர் அறிந்தேயிருந்தார். பாட்டின் முடிவில் ஒருவரையொருவர் நகுதல் ஒழிக என அரசன் அடிமேல் ஆணை பிறக்கின்றது. சற்றுமுன் பலகை என்றவளே அவனை இனிய மார்புடையவன் என விளிக்கின்றாள். பேயும் பேயும் ஆடுகின்றன எனக் கோயிலிற் கண்டார் நகாதிருத்தல் வேண்டும் என்கின்றாள். பின்னர், பிறர் காணாத சோலைக்குத் தனியே வருமாறு அவனை அழைக்கின்றாள்.